பூனையின் சேட்டையும் வீட்டின் வரலாறும்

மனிதரோடு ஒரே கூரையின்கீழ் வாழும் பூனை தன் இயல்புப்படி செய்யும் செயல்கள் வீட்டாருக்குத் தொல்லையாக அமையும்போது அவை 'சேட்டை' எனப்படுகின்றன. கால்நடை மருத்துவம் இவற்றை நடத்தைச் சிக்கல்கள் என்கிறது. பாலைத் திருடுதல், கோழிக்குஞ்சைப் பிடித்தல், மெத்தையில் சிறுநீர் கழித்தல், மர நாற்காலியை நகத்தால் கிழித்தல், குட்டிகளை இடம் மாற்றிக்கொண்டே இருத்தல், தொட்டால் கடித்தல் ஆகியவை பொதுவாகச் சொல்லப்படும் குறைகள். இவற்றுள் பால் திருட்டும் குஞ்சுத் திருட்டும் மிகப் பழையவை. மெத்தையும் நாற்காலியும் புதியவை. தமிழர் வீட்டின் அமைப்பு மாறிய வரலாற்றோடு சேர்த்துப் பார்த்தால்தான் இவற்றின் காரணம் விளங்கும். அதற்கு நல்ல எடுத்துக்காட்டாக அமையும் ஊர், காவிரியின் கரையில் ஈரோட்டுக்கு எதிரே உள்ள விசைத்தறி நகரமான நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம்.

ஈரச் செங்கல்லில் ஓடிய பூனை

வீட்டுப் பூனையின் மூதாதை மேற்காசியாவிலும் வட ஆப்பிரிக்காவிலும் வாழும் ஒரு சிறு காட்டுப்பூனை என்பது 2007இல் வெளியான மரபணு ஆய்வில் உறுதியானது. மனிதர் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கியபோது எலி வந்தது, எலியைத் தேடிப் பூனை வந்தது. சைப்ரசுத் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மனிதக் கல்லறைக்கு அருகே எட்டு மாத வயதுடைய பூனையொன்று புதைக்கப்பட்டிருந்தது 2004இல் அறிவிக்கப்பட்டது. நாயை மனிதர் காவலுக்கும் வேட்டைக்கும் எனத் தேர்ந்தெடுத்து வளர்த்தனர். பூனையை யாரும் அப்படித் தேர்ந்தெடுக்கவில்லை. அது தானாக வந்தது, எலி இருக்கும்வரை தங்கியது. சொன்னதைக் கேட்கும் குணம் பூனைக்கு ஏன் குறைவு என்று வியப்பவர்கள் இந்த இடத்தை நினைவில் கொள்ள வேண்டும். கட்டளைக்குப் பணியும் குணத்துக்காகப் பூனை ஒருநாளும் வளர்க்கப்பட்டதில்லை.

இந்தியத் துணைக்கண்டத்தில் பூனையின் சேட்டைக்குக் கிடைத்துள்ள பழைய சான்று ஒன்று சுவையானது. சிந்துவெளி நாகரிகத்தைச் சேர்ந்த சான்குதரோவில் 1935–36இல் எர்னஸ்ட் மெக்கே அகழாய்வு செய்தார். அங்கே கிடைத்த செங்கல் ஒன்றில் பூனையின் காலடியும் அதைத் துரத்திய நாயின் காலடியும் பதிந்துள்ளன. காயவைத்த பச்சைச் செங்கல்மேல் இரண்டும் ஓடியிருக்கின்றன. செங்கல் அறுத்தவர் அன்று என்ன திட்டினாரோ, காலடி மட்டும் நான்காயிரம் ஆண்டுகளைத் தாண்டி வந்துவிட்டது.

வெருகும் பூசையும்

சங்க இலக்கியத்தில் பூனை 'வெருகு' என்றும் 'பூசை' என்றும் வழங்கப்படுகிறது. தொல்காப்பியத்தின் மரபியல் விலங்குகளின் இளமைப் பெயர்களை வகைப்படுத்தும்போது மூங்கா எனும் கீரி, வெருகு, எலி, அணில் ஆகிய நான்கின் இளமைக்கும் 'குட்டி' என்னும் பெயர் உரியது என்கிறது. வெருகைப் பூசை என்று சொல்வதையும் அதே இயல் மரபாக ஏற்கிறது. இன்றும் வீடுகளில் 'பூசு பூசு' என்று பூனையை அழைக்கும் ஒலி அந்தப் பழைய சொல்லை நினைவூட்டும்.

சங்கப் பாடல்களில் வெருகு பெரும்பாலும் மனிதர் வீட்டின் ஓரத்தில் நடமாடும் விலங்கு. ஒக்கூர் மாசாத்தியாரின் குறுந்தொகை 139ஆம் பாடலில், மாலையில் வேலியோரம் வெருகுகள் வந்ததைக் கண்டு மனைக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கிறது. மதுரைக் கண்ணனாரின் 107ஆம் பாடலில், விடியலைக் கூவி அறிவித்துத் தன் இன்ப உறக்கத்தைக் கலைத்த சேவலை, நள்ளிரவில் வீட்டு எலியைத் தேடும் இளம் வெருகுக்கு இரையாகுமாறு ஒரு தலைவி சபிக்கிறாள். கபிலர் புறநானூற்றின் 117ஆம் பாடலில் பாரியின் நாட்டு முல்லை அரும்பை வெருகுக் குட்டியின் கூரிய பல்லோடு ஒப்பிடுகிறார். பூனைக்குட்டியின் வாயை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கே இந்த உவமை தோன்றும்.

நெசவு ஊர்களின் வரலாற்றைப் படிப்பவர்களுக்கு இவற்றைவிட நெருக்கமானது தங்கால் பொற்கொல்லனார் பாடிய புறநானூற்றின் 326ஆம் பாடல். இருட்டில் உலவும் வெருகுக்கு அஞ்சி இளம்பேடைக் கோழி அலறுகிறது. பஞ்சின் தூசையும் குப்பையையும் புடைக்க அந்நேரத்தில் எழுந்திருக்கும் பருத்திப் பெண் ஒருத்தியின் சிறுவிளக்கு வெளிச்சத்தில் தன் சேவலைக் கண்டு அது அடங்குகிறது. நூல் வேலை செய்பவர்கள் இரவில் விழித்திருப்பதும் அவர்களைச் சுற்றிப் பூனை உலவுவதும் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி கிடைப்பது அரிது.

சித்த மருத்துவத்தில் பொடி மருந்தை விரல்நுனிகளால் அள்ளும் அளவுக்கு 'வெருகடி' என்று பெயர். பூனையின் காலடி அளவு என்பது பொருள். பெயர் சூட்டும் அளவுக்குப் பூனையின் பாதத்தைத் தமிழர் கவனித்திருக்கின்றனர்.

உறி, சாம்பல், அட்டாலி

பூனையின் நடத்தையைச் சமாளிக்கப் பழைய தமிழ் வீடு பூனையைத் திருத்த முயலவில்லை, பண்டங்களை இடம் மாற்றியது. கூரை உத்தரத்திலிருந்து கயிற்றில் தொங்கும் உறி அதற்கான முதல் கருவி. பாலும் தயிரும் வெண்ணெயும் பூனை தாவ முடியாத உயரத்தில், பிடிமானமில்லாத கயிற்றில் ஆடிக்கொண்டிருக்கும். கொங்கு நாட்டில் கோழிக்குஞ்சுகளைக் கவிழ்த்து மூடும் மூங்கில் கூடைக்குக் கொடாப்பு என்று பெயர். மாலையானதும் தாய்க்கோழியையும் குஞ்சுகளையும் கொடாப்பில் அடைத்து மேலே ஒரு கல்லை வைப்பார்கள். குறுந்தொகைக் கோழிக்கு வந்த அதே ஆபத்துக்கு அதுதான் மருந்து.

மலம் கழிப்பதில் சிக்கலே எழவில்லை. பூனைக்குத் தோண்டி மூடுவதற்கு இளகிய மண் வேண்டும். கொங்குப் பேச்சில் பொடக்காலி எனப்படும் புறக்கடையில் மண்ணும் அடுப்புச் சாம்பல் கொட்டிய குவியலும் எப்போதும் இருந்தன. நகத்தைத் தீட்டுவதற்கு வேப்பமரமும் வேலித் தூணும் இருந்தன. நகம் தீட்டுவது விளையாட்டல்ல. நகத்தின் பழைய மேலுறை அப்போதுதான் கழலும். பாதத்தில் உள்ள சுரப்பிகளின் மணம் அந்த இடத்தில் பதிந்து, 'இது என் எல்லை' என மற்ற பூனைகளுக்கு அறிவிக்கும். குட்டி போடுவதற்கு அட்டாலி இருந்தது. ஓட்டு வீட்டின் உயரத்தில், இருட்டில், பழைய கோணிச் சாக்குகளுக்கு நடுவே தாய்ப்பூனை யாருக்கும் தெரியாமல் ஈன்றுகொள்ளும்.

ஓடு போய்க் கான்கிரீட் வந்ததும் இந்த நான்கும் ஒருசேரப் போயின. சாம்பல் எரிவாயு அடுப்போடு மறைந்தது, பொடக்காலிக்குச் சிமெண்டு பூசப்பட்டது, அட்டாலி இருந்த இடத்தில் கதவு போட்ட பரண் வந்தது. பூனைக்கு எஞ்சிய மிருதுவான இடம் மெத்தை. எஞ்சிய சொரசொரப்பான மரம் நாற்காலியின் கால். இந்த மாற்றத்துக்குப் பின்புதான் 'எங்கள் வீட்டுப் பூனைக்குப் பழக்கம் சரியில்லை' என்னும் முறையீடு பெருகியது.

மேலை நாடுகளிலும் இதே கதைதான். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த எட் லோ என்பவர் 1947இல், சாம்பலுக்குப் பதிலாக எண்ணெய் உறிஞ்சும் களிமண் துகளைப் பக்கத்து வீட்டுப் பெண்மணிக்குக் கொடுத்தார். குளிர்காலத்தில் மணல் உறைந்துபோனதால் அந்தப் பெண்மணி கேட்டு வந்திருந்தார். அந்தத் துகளே பூனை மண் என்னும் பெரும் வணிகமாக வளர்ந்தது. நம் ஊரில் இன்னும் ஆற்று மணலோ மரத்தூளோ நிரப்பிய பழைய பிளாஸ்டிக் தட்டு அந்த வேலையைச் செய்துவிடும். ஒரு பூனைக்கு ஒரு தட்டும் கூடுதலாக ஒன்றும் வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. தட்டு அமைதியான மூலையில், உணவுக்கு எட்டத்தில், நாள்தோறும் சுத்தம் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நன்கு பழகிய பூனை திடீரென வெளியே சிறுநீர் கழித்தால் முதலில் ஐயப்பட வேண்டியது நோயைத்தான். ஆண் பூனை முக்கி முக்கியும் சிறுநீர் வரவில்லையென்றால் சிறுநீர்ப்பாதை அடைத்திருக்கலாம். அது ஓரிரு நாளில் உயிரைப் பறிக்கும் நிலை. அடித்துத் திருத்தப் பார்க்கும் நேரமல்ல அது.

சுவரில் நின்றபடி பின்னோக்கிச் சிறுநீர் பீய்ச்சுவது வேறு வகை. அது கடுவன் பூனை எல்லை குறிக்கும் முறை. ஹார்ட், பாரெட் ஆகிய இருவர் அமெரிக்காவில் 1973இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருத்தடை அறுவைக்குப் பிறகு பத்தில் எட்டு ஒன்பது கடுவன்களில் பீய்ச்சுதலும் சண்டையும் ஊர்சுற்றலும் குறைந்தன.

சைவப் பூனையும் சூடு கண்ட பூனையும்

தமிழரின் கலையிலும் சமயத்திலும் பூனையின் நடத்தை அடிக்கடி பாடமாகியிருக்கிறது. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு எனப்படும் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பத்தில், ஒரு பூனை கைகளை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்க, எலிகள் அதைச் சூழ்ந்துள்ளன. பொய்த்தவப் பூனையின் கதை மகாபாரதத்திலும் உண்டு. போலி வேடத்தைக் குறிக்கும் 'சைவப் பூனை' என்னும் பேச்சு வழக்கு இந்தக் கருத்தின் தொடர்ச்சியே. கம்பர் தம் இராமாயணத்தின் பாயிரத்தில், பாற்கடலை முழுதும் நக்கிவிட முனைந்த பூனையாகத் தம்மை உவமித்து அடக்கம் காட்டுகிறார். வைணவத்தில் தென்கலையார், தாய்ப்பூனை குட்டியைத் தானே கவ்விச் செல்வதுபோல் இறைவனே உயிரைக் காப்பான் என்பர். வடகலையார் குரங்குக் குட்டி தாயைப் பற்றிக்கொள்வதை எடுத்துக்காட்டுவர். இவை மார்ச்சார நியாயம், மர்க்கட நியாயம் எனப்படும். கழுத்துப் பிடரியைத் தாய் கவ்வியதும் குட்டி கால்களைச் சுருக்கி அசையாது தொங்குவதைக் கூர்ந்து பார்த்தவர்கள் சொன்ன உவமை அது. (வளர்ந்த பூனையை அப்படித் தூக்கக் கூடாது. உடல் எடை கழுத்துத் தோலை வலிக்கச் செய்யும்.)

பழக்குதல் குறித்த மிகச் சிறந்த தமிழ்நாட்டுப் பாடம் தெனாலிராமன் கதையில் உள்ளது. எலித்தொல்லை நீங்க அரசர் வீட்டுக்கொரு பூனையும் அதற்குப் பாலூட்டப் பசுவும் தருகிறார். தெனாலிராமன் முதல்நாளே கொதிக்கும் பாலை வைக்க, வாய் வெந்த பூனை அதன்பின் பாலைக் கண்டாலே ஓடுகிறது. 'சூடு கண்ட பூனை அடுப்பங்கரையில் சேராது' என்னும் பழமொழியும் இதையே கூறும். சிரிக்க வைக்கும் இந்தக் கதைக்குள் ஓர் உண்மை உள்ளது. பூனைக்கு அன்று பால்தான் பகையாயிற்று. பால் வைத்தவரின் நோக்கம் அதற்குத் தெரியாது. பாயை ஈரமாக்கி ஒரு மணி நேரம் கழித்துப் பூனையை இழுத்துவந்து அடித்தால், அது கற்றுக்கொள்வது 'பாயில் போகக் கூடாது' என்பதையல்ல. 'இவர் கை ஓங்குகிறவர்' என்பதை மட்டுமே.

ஆசிரியர் பயிற்சி பெற்ற எவரும் தார்ண்டைக்கின் பெயரை மறந்திருக்க மாட்டார்கள். முயன்று தவறிக் கற்றல் என்று பி.எட். வகுப்பில் படிக்கும் கோட்பாடு பூனைகளிடமிருந்து வந்தது. எட்வர்ட் தார்ண்டைக் பசித்த பூனையைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து வெளியே மீனை வைத்தார். பிராண்டியும் கடித்தும் அலைந்த பூனை தற்செயலாகத் தாழ்ப்பாளைத் தட்டி வெளியேறியது. மீண்டும் மீண்டும் அடைக்கப்பட்டபோது வெளியேறும் நேரம் படிப்படியாகக் குறைந்தது. 1898இல் வெளியான இந்த ஆய்விலிருந்தே விளைவு விதி உருவாயிற்று. இன்பம் தரும் செயல் வலுப்படும், துன்பம் தரும் செயல் நலியும் என்றார் அவர். ஆனால் 1930களில் தார்ண்டைக்கே அந்த விதியின் இரண்டாம் பாதியைத் திருத்திக்கொண்டார். பரிசு பழக்கத்தை உருவாக்குமளவுக்குத் தண்டனை பழக்கத்தை அழிப்பதில்லை என்று கண்டார். முதல் பாதியைத் தேர்வுக்குப் படித்துவிட்டு இரண்டாம் பாதியை விட்டுவிடுவது வழக்கமாகிவிட்டது. இந்திய வகுப்பறையில் உடல் தண்டனையைத் தடை செய்யும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இல்தான் வந்தது.

இந்த வரலாற்றில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. 1946இல் கத்ரி, ஹார்ட்டன் என்னும் இருவர் பூனைகளைப் பெட்டியில் வைத்து ஆராய்ந்தனர். நடுவிலுள்ள கம்பத்தைப் பூனைகள் ஒரே மாதிரி உரசித் திறப்பதைக் கண்டு, அது இயந்திரம்போல் பதிந்த பழக்கம் என முடிவு செய்தனர். 1979இல் மூர், ஸ்டட்டர்டு ஆகியோர் அந்த ஆய்வைத் திரும்பச் செய்தபோது, எதிரே ஆள் இருந்தால்தான் பூனைகள் உரசின. ஆள் இல்லாதபோது உரசவில்லை. பூனைகள் தங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அறிஞர்களுக்கு வணக்கம் சொல்லியிருந்தன! காலில் உரசும் பூனைக்கு எப்போதும் பசி என்று எண்ணுவோர் இதைக் கவனிக்கலாம்.

பிளேக் காலம்

1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக் நோய் பின்னர் தென்னிந்தியாவையும் எட்டியது. கோவைப் பகுதியில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்தக் காலத்தின் நினைவு. எலித் தெள்ளுப்பூச்சியே நோயைக் கடத்துகிறது என்பதை 1898இல் சிமோன் கண்டறிந்தபின் பூனைக்குத் திடீர் மதிப்பு வந்தது. அமராவதியில் பணியாற்றிய இந்திய மருத்துவப் பணி அதிகாரி ஆண்ட்ரூ புக்கானன், பூனைகள் மிகுந்த ஊர்களில் பிளேக் குறைவு எனக் கருதிப் பூனை வளர்ப்பை வலியுறுத்தி 1908இல் எழுதினார். பூனைக்கும் பிளேக் தொற்றும், அதனிடமிருந்து மனிதருக்கும் வரலாம் என்பது இப்போது தெரியும். அந்த அறிவுரை முழுமையானதன்று.

பூனையின் எலிவேட்டைத் திறனும் சற்று மிகைப்படுத்தப்பட்டதே. நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு மறுசுழற்சி நிலையத்தில் கேமராக்கள் வைத்து 79 நாள் பதிவுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வு 2018இல் வெளியானது. அத்தனை நாளில் அங்கிருந்த பூனைகள் கொன்ற பெரிய எலிகள் இரண்டு மட்டுமே. பூனையின் மணம் பட்டதும் எலிகள் மறைவாக நடமாடத் தொடங்கின. சுண்டெலியையும் இளம் எலியையும் பூனை பிடிக்கும். பெருச்சாளியைக் கண்டால் வழிவிட்டு உட்கார்ந்துவிடும். 'பூனை இருந்தும் எலி ஓடுகிறது' என்று பூனையைக் குறை சொல்வது நியாயமில்லை.

தறிப் பட்டறையில்

பள்ளிபாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத தெரு குறைவு. பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றினால்தான் அது அறுபடாமல் ஓடும். கஞ்சி என்பது மாவு, மாவு இருக்குமிடத்துக்கு எலி வரும். எலி கடித்த பாவில் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பது தறிக்காரருக்கு அரைநாள் கூலியை விழுங்கும் வேலை. பட்டறையில் பூனை பொறுத்துக்கொள்ளப்படுவதற்கும் அதற்குத் தினம் கொஞ்சம் சோறு விழுவதற்கும் இதுவே காரணம்.

வெளியூர்ப் பூனையைக் கொண்டுவந்து விசைத்தறிக்கு நடுவே விட்டால் மிரண்டு ஓடும். மனிதர் செவி 20,000 ஹெர்ட்சு வரை கேட்கும் என்றால் பூனையின் செவி ஏறத்தாழ 85,000 வரை கேட்கும். அங்கேயே பிறந்த குட்டியோ ஓடும் தறிக்கு அடியில் சுருண்டு தூங்கும். பிறந்த இரண்டாம் வாரம் முதல் ஏழாம் வாரம் வரை குட்டி எதையெல்லாம் கண்டும் கேட்டும் பழகுகிறதோ, அவை அதற்கு வாழ்நாள் முழுதும் இயல்பானவை. மனிதக் கை அந்த வாரங்களில் படாத குட்டி பிற்பாடு எவ்வளவு சோறு போட்டாலும் எட்டியே நிற்கும்.

நெசவு ஊரின் பூனைக்கு உரிய தனி ஆபத்து நூல். அசையும் இழையைத் துரத்துவது குட்டியின் பிறவிக் குணம். அதன் நாக்கில் உள்ள முட்கள் தொண்டையை நோக்கி வளைந்தவை, வாயில் சிக்கிய நூலை அது துப்ப இயலாது, விழுங்கத்தான் முடியும். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கடியிலோ இரைப்பையிலோ மாட்டிக்கொள்ள, குடல் அந்த நூலின்மேல் சுருக்குப்பைபோலச் சுருங்கி அறுபடும். வாந்தி எடுத்துக்கொண்டு உணவைத் தொடாமல் இருக்கும் பூனையின் வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் அதைப் பிடித்து இழுக்கவே கூடாது. உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். கழிவு நூலை மூடியுள்ள சாக்கிலோ டின்னிலோ போட்டுவைப்பது பெரிய செலவில்லாத காவல். குட்டிக்கு நூற்கண்டை உருட்டிவிட்டு வேடிக்கை பார்ப்பது படங்களில் அழகாக இருக்கும், பட்டறையில் வேண்டாம். சுருட்டிய காகிதமும் கயிறில்லாத பந்தும் போதும்.

எலி மருந்தும் இதே வரிசையில் சேரும். மருந்து தின்று தள்ளாடும் எலி, பூனைக்குப் பிடிக்க எளிதான எலி. பூனை உள்ள இடத்தில் கூண்டுப் பொறியே ஏற்றது.

கூலிக்காரர் வீட்டுப் பூனைக்குக் கிடைப்பது பெரும்பாலும் தயிர்ச்சோறு. பூனை ஊன் உண்ணி. டாரின் என்னும் சத்தைத் தன் தேவைக்கு உடலில் உருவாக்க அதனால் முடியாது, இறைச்சியிலும் மீனிலும் இருந்துதான் பெற வேண்டும். அது குறைந்தால் கண்பார்வை கெடும் என்பது 1975இலும், இதயம் வீங்கும் என்பது 1987இலும் தெரியவந்தன. சோறு மட்டும் தின்னும் பூனை அடுத்த வீட்டுக் கருவாட்டுக்குப் பாய்ந்தால் அதைத் திருட்டு என்பதைவிடப் பற்றாக்குறை என்பதே சரி. கோழிக்கறிக்குப் பெயர்போன பள்ளிபாளையத்தில் கோழிக் குடலும் ஈரலும் காசில்லாமலே கிடைக்கும். மீனானாலும் கறியானாலும் வேகவைத்தே தர வேண்டும். சிலவகைப் பச்சை மீன் பூனையின் உடலிலுள்ள தயமின் சத்தை அழித்துவிடும்.

இந்தப் பகுதியின் காலி மனைகளில் களையாக முளைக்கும் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர். அதன் வேரைப் பிடுங்கினால் பூனை வந்து முகர்ந்து, உரசி, புரண்டு விளையாடும். மேலை நாட்டார் பூனைப் புதினா என்னும் செடியை விலைக்கு வாங்கிச் செய்வதை இங்கு வேலியோரச் செடி செய்துவிடுகிறது. நாற்காலியைக் கிழிக்கும் பூனைக்குச் சணல் சாக்கு சுற்றிய கட்டையொன்றை நிறுத்தி, அதில் இந்த வேரைத் தேய்த்துவிட்டால் கட்டையைத் தேடிப் போகும்.

சாக்கும் பாலமும்

கொங்கு நாட்டிலும் பிற இடங்களிலும் தொல்லை தரும் பூனையைச் சாக்கில் கட்டித் தொலைவில் கொண்டுபோய் விடும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. ஆற்றைத் தாண்டி விட்டால் திரும்பி வராது என்பார்கள். பள்ளிபாளையத்தாருக்கு ஆறு பக்கத்திலேயே இருக்கிறது, பாலமும் இருக்கிறது. ஆனால் பூனை திரும்பும். அமெரிக்க உயிரியலாளர் ஃபிரான்சிஸ் ஹெர்ரிக் 1922இல் வெளியிட்ட கட்டுரையில், குட்டிகளிடமிருந்து பிரித்து மூடிய பெட்டியில் சில மைல் தூரம் கொண்டுபோய் விட்ட தாய்ப்பூனை திரும்பத் திரும்ப வீடு வந்து சேர்ந்ததைப் பதிவு செய்துள்ளார். திரும்பாத பூனைக்கு நேர்வது வேறு. புதிய இடத்தின் பூனைகளும் நாய்களும் அதை விரட்டும், சாலை அதைக் கொல்லும். கண் திறந்தும் திறக்காத குட்டிகளைத் தனியே கொண்டுவிட்டால் அவை ஓரிரு நாளைக்குமேல் தாங்கா.

இந்தத் தொல்லையின் கணக்கு எளிது. பூனையின் சினைக்காலம் ஒன்பது வாரம். ஓர் ஈற்றில் மூன்று முதல் ஐந்து குட்டி, ஆண்டுக்கு இரண்டு மூன்று ஈற்று. ஒரு தெருவில் ஒரு பெண் பூனைக்கு அறுவை செய்வது, எத்தனையோ முறை பாலத்தைத் தாண்டிச் சாக்கைச் சுமப்பதை மிச்சப்படுத்தும். ஆறு மாதத்துக்குள் அதைச் செய்துவிடலாம். 1985இல் தொடங்கப்பட்ட நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி கோழி ஆய்வுக்குப் பெயர்பெற்றது என்றாலும் அதன் சிகிச்சை வளாகத்துக்குப் பூனைகளும் கொண்டுவரப்படுகின்றன.

குட்டியைச் சீக்கிரம் பிரிப்பதும் பிற்காலக் கடிக்கு ஒரு காரணம். பின்லாந்தின் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம் 5,700க்கும் மேற்பட்ட பூனைகளைப் பற்றிச் சேகரித்த தகவல்களைக் கொண்டு 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்தவற்றில் மூர்க்கம் கூடுதல் என்பது அதன் முடிவு. எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை உடன்பிறந்த குட்டிகளே கற்றுத்தருகின்றன. கடித்தால் அது கத்தும், விளையாட்டு நின்றுபோகும். தனிக்குட்டியை வளர்ப்பவர்கள் வெறுங்கையை ஆட்டி விளையாடாமல், கடித்த நொடியில் கையை அசைக்காமல் நிறுத்தி எழுந்துபோய்விட்டால் அதே பாடம் கிடைக்கும். தெருப்பூனை கடித்தாலோ பிராண்டினாலோ புண்ணைச் சோப்பு போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனையில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் நாயிடமிருந்து மட்டும் வருவதில்லை.

குட்டியை ஏழு வீடு மாற்றும் பூனை என்று ஒரு சொல் உண்டு. 'குட்டி போட்ட பூனை போல' என்று நிலைகொள்ளாமல் அலைபவரைச் சொல்வதும் இதனால்தான். ஈன்ற இடத்தில் மணம் சேர்ந்தாலோ, கடுவன் வந்து போனாலோ, மனிதர் அடிக்கடி எட்டிப்பார்த்தாலோ தாய்ப்பூனை குட்டிகளைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிடும். தறிப் பட்டறையில் அது பாவுச் சுருளுக்கும் சுவருக்கும் இடையில் போய்ச் சேர்ந்தால் ஆபத்து. தறிக்கு எட்டாத மூலையில், பக்கவாட்டில் படுக்கவைத்த அட்டைப்பெட்டிக்குள் பழைய லுங்கித் துணியை விரித்து, முன்பக்கத்தைப் பாதி மறைத்து, முதல் இரண்டு வாரம் யாரும் கை வைக்காமல் இருந்தால் பெரும்பாலும் அங்கேயே தங்கும். மூன்றாம் வாரத்திலிருந்து நாளுக்குச் சில நிமிடம் குட்டிகளைக் கையில் எடுத்துப் பழக்கலாம். அதற்குள் கண் திறந்திருக்கும், காதும் கேட்கத் தொடங்கியிருக்கும்.